மேனேஜர் இளையபெருமாளின் சங்கீத நகர்

இளையபெருமாளுக்குப் பாட வராது. வாத்தியம் எதுவும் வாசிக்க வராது. கைதட்டச் சொன்னால்கூட ஊரே தட்டி முடித்த பிறகு ஒரு தட்டு கூடுதலாகத் தட்டுவார். இருந்தும், பெரம்பலூர் அரியலூர் இரண்டு மாவட்டத்திலும் திருவிழாக் கமிட்டிக்காரர்கள் பாட்டுக் கச்சேரி என்று வாயெடுத்தால் அவர் பெயரைத்தான் சொன்னார்கள். பாடத் தெரியாதவன்தான் பாடகர்களைக் கட்டி மேய்க்க முடியும் என்பது அவருடைய கட்சி. பாடத் தெரிந்தவர்கள் நடத்திய குழுக்கள் எல்லாம் எவன் முதல் பாட்டுப் பாடுவது என்ற சண்டையில் உடைந்துபோனதைப் பார்த்தால், கட்சி தப்பில்லை.

சொந்த ஊர் உடையார்பாளையம் பக்கம். முந்திரிக்காடு வைத்திருந்த குடும்பம். முந்திரிக்குப் பூச்சிமருந்து அடிக்கிற பருவத்தில் பையன் மைக் பிடித்துக் கோயில் வாசலில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்ததால், அண்ணன் தம்பிகள் அவரைக் கணக்கிலிருந்தே விட்டுவிட்டார்கள். அவர் 'வெள்ளாறு இன்னிசைக் குழு' ஆரம்பித்தார். வருஷத்தில் பெரும்பாலும் தண்ணீர் ஓடாத ஆற்றின் பெயரைக் குழுவுக்கு வைத்தபோதே அவருக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு தாராளம் இருந்திருக்கிறது என்று இப்போது சொல்லலாம். அப்போது யாரும் சொல்லவில்லை. எல்லாரும் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

குழுவில் இரண்டு சட்டம். முதல் சட்டம்: தேதி கொடுத்தால் கொடுத்ததுதான். வெற்றிலைத் தட்டில் வைத்துத் தேதி எழுதிக் கொடுத்த பிறகு புயல் அடிக்கலாம், வேன் குடைசாயலாம், மேடையில் ஆள் இருக்க வேண்டும். அவருடைய அப்பா செத்தபோது காரியத்தை முடித்துவிட்டு, மொட்டைத் தலையோடு வாலிகண்டபுரத்துக் கச்சேரிக்கு வந்து நின்றார். துக்க வீட்டிலிருந்து திருவிழாவுக்கு வரலாமா என்று கேட்ட கமிட்டித் தலைவரிடம், "தேதி குடுத்தது அவரு உசுரோட இருக்கறப்பங்க" என்றார். தலைவர் மைக்கை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

இரண்டாவது சட்டம்: மேடையில் ட்ராக் கிடையாது. முன்கூட்டியே பதிவுசெய்த பாட்டை ஓடவிட்டு வாயை மட்டும் அசைப்பதற்கு எங்கள் பக்கத்துக் குழுக்களில் அதுதான் பெயர். மற்ற குழுக்கள் சந்தோஷமாகச் செய்தன. இளையபெருமாள் மட்டும் அதைத் திருட்டு என்றார்.

குருமூர்த்தி என்று ஒரு பாடகர் இருந்தார். குழுவின் பெரிய குரல் அவர்தான். ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு மாரியம்மன் திருவிழாவில் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கீபோர்டு வாசிக்கிற கலைவாணனிடம் ரகசியமாக ஒரு பென்டிரைவைக் கொடுத்து, ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த தன் பாட்டையே ஓடவிட்டார். கையை நீட்டி, கண்ணை மூடி, உருகி நின்றார். நடுவில் இருமல் வந்தது. இருமினார். பாட்டு நிற்கவில்லை.

இளையபெருமாள் மேடை ஏறி மைக்கை வாங்கினார். "மன்னிக்கணும் பெரியோர்களே. இப்பப் பாடுனது குருமூர்த்தி இல்ல, மிஷினு. என் மேடைல இப்படி நடந்தது என் தப்பு. அடுத்த பாட்டுலேருந்து மனுசங்கதான் பாடுவாங்க" என்றார். ஊர் கைதட்டியது. குருமூர்த்தி தன் பையை எடுத்துக்கொண்டு விருத்தாசலம் பஸ்ஸுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர் எந்த மேடையிலும் பாடவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பை மைக்கில் வைத்து முடித்ததற்குத்தான் அந்தக் கைதட்டல் என்று யாருக்கும் தோன்றவில்லை. இளையபெருமாளுக்கு அன்றைக்குக் கிடைத்தது, இரண்டு மாவட்டத்திலும் வேறு எவருக்கும் இல்லாத ஒன்று. மேனேஜர் சொன்னால் சரியாக இருக்கும் என்ற பேச்சு.

குருமூர்த்தியின் இடத்துக்கு வந்தவள் நான்சி. வரதராஜன்பேட்டைப் பெண். அப்பா சவரிமுத்து பள்ளிக்கூட வாத்தியார். கோயில் பாடகர் குழுவில் பாடிப் பழகியவள். ஏலாக்குறிச்சித் திருவிழாவில் மாதா பாட்டுப் பாடிவிட்டு, மறுவாரமே மாரியம்மன் பாட்டுப் பாடி, முன்வரிசைப் பெண்களை அருள் வந்து ஆட வைப்பாள். அதற்கு முன்னால் நெஞ்சில் ஒரு சிலுவை போட்டுக்கொள்வாள். மாரியம்மனும் ஆட்சேபிக்கவில்லை, பங்குச் சாமியாரும் ஆட்சேபிக்கவில்லை. அந்தக் குரலில் பொய் நுழைய இடமில்லை என்று இரண்டு தரப்பும் நினைத்திருக்க வேண்டும்.

கொரோனா வந்து திருவிழாக்கள் நின்றன. வேன் வீட்டு வாசலில் மண் பிடித்து நின்றது. பாட்டுக்காரர்கள் சித்தாள் வேலைக்கும் சிமெண்ட் லாரிக்கும் போனார்கள். தடை நீங்கியதும் முதலில் கூப்பிட்டது சாமிகள் இல்லை, மனை விற்கிறவர்கள். தரிசில் பந்தல் போட்டு, டவுனிலிருந்து இலவச பஸ் விட்டு, பிரியாணி போட்டு, குலுக்கலில் தங்கக் காசு கொடுத்து, நடுவில் பாட்டுக் கச்சேரி வைப்பார்கள். இரண்டு மூன்று திறப்பு விழாக்களுக்குக் குழுவைக் கூட்டிப்போன இளையபெருமாள் ஒன்றைக் கவனித்தார். ஜனங்கள் வருவது பாட்டுக்கு. வந்த பிறகு சும்மா போகக் கூச்சப்பட்டு மனைக்குப் பதிகிறார்கள். பாட்டு நம்முடையது, மனை எதற்கு இன்னொருத்தனுடையதாக இருக்க வேண்டும்?

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில், ஆடுகூட அரைமனதாய் மேய்ந்த ஒரு பாறைத் தரிசை வாங்கினார். சங்கீத நகர் என்று பெயர் வைத்தார். தெருக்களுக்கு ராகங்களின் பெயர். கல்யாணி தெரு, மோகனம் தெரு என்று போட்டதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. முகாரி தெருவில் மட்டும் மனை போகவே இல்லை. அது சோக ராகம் என்று யாரோ ஒரு தவில்காரர் சொல்லிவிட்டார். பலகையை அழித்து ஆனந்தபைரவி என்று எழுதியதும் ஒரே வாரத்தில் தெரு முழுக்க விற்றுப்போனது. பாறை அதே பாறைதான்.

விளம்பரத்துக்கு நான்சியின் குரல். ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டி டவுன் முழுக்க ஓடவிட்டார். முதலில் நாலு வரிப் பாட்டு, பிறகு பேச்சு: "நான் உங்கள் நான்சி பேசுகிறேன். தித்திக்கும் குடிநீர், தார்ச்சாலை, தெருவிளக்கு. குடிவரலாம் வாங்க, சங்கீத நகருக்கு." எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். மேனேஜர் எழுதியது என்பதால் கேள்வி கேட்கவில்லை.

தண்ணீர் இருக்கிறது என்று அவர் எழுதியபோது அது பொய் இல்லை. அங்கே போட்ட ஆழ்குழாயில் நிஜமாகவே தண்ணீர் பீறிட்டது. பாறை இடுக்கில் எப்போதோ தங்கின தண்ணீர். திறப்பு விழாவுக்குச் சில நாள் முன்னால் அது தீர்ந்தது. நியாயமான மனிதன் என்ன செய்வான்? விழாவைத் தள்ளி வைப்பான். ஆனால் இளையபெருமாள் தேதி கொடுத்துவிட்டார். ஆயுள் முழுக்க அவரை யோக்கியனாக வைத்திருந்த சட்டமே அந்த வாரம் அவரை அயோக்கியனாக்கியது. டேங்கர் லாரித் தண்ணீரைப் பந்தலுக்குப் பின்னால் புதைத்த தொட்டியில் நிரப்பினார். மேடையிலிருந்து ஜாடை காட்டியதும், குழுவில் தாளத்துக்குப் பேடு வாசிக்கிற அரியமுத்து மோட்டாரைப் போட்டார். நான்சி மழைப் பாட்டுப் பாட, மேடையருகே நட்ட குழாயில் தண்ணீர் பூவாய்க் கொட்டியது. முன்வரிசைப் பெண்கள் குலவை போட்டார்கள். மேடையில் நின்ற நான்சிக்கும் கண் கலங்கியது.

வாங்கினவர்களில் பெரும்பாலோர் வாங்கியதோடு சரி, வேலிக்கல்லைப் பார்க்கக்கூட வரவில்லை. வீடு கட்டிக் குடிவந்தது ஒரே ஒரு ஆள். நான்சியின் சித்தி, ரிட்டயர்டு டீச்சர் மரிய புஷ்பம். "ஊர்ல எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். எங்க புள்ள சொல்றா, மைக்குல சொல்றா" என்று சொல்லித்தான் வாங்கினார். ஓய்வுபெற்று வந்த காசெல்லாம் அந்த மோகனம் தெரு வீட்டில் போனது.

வீடு லாரித் தண்ணீரில் எழும்பியிருந்தது. சொந்தமாக ஆழ்குழாய் போட்ட அன்று நான்சியும் போயிருந்தாள். வேனில் கூட்டிப்போனவர் அரியமுத்து. இயந்திரம் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசிவரை வெள்ளைப் புழுதிதான் கிளம்பியது. சித்தியின் முகம், புதுச்சுவர், கொடியில் காய்ந்த துணி எல்லாம் வெள்ளை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு டீச்சர் நின்றார்.

"இங்க எங்க வரப் போவுது" என்றார் அரியமுத்து, வேனில் சாய்ந்துகொண்டு, தனக்குத்தானே சொல்வது போல.

நான்சி திரும்பினாள். "ஏண்ணே, அன்னைக்குக் கொட்டுச்சே?"

"கொட்டுச்சு."

"அப்புறம்?"

"அதான் பாப்பா, கொட்டுச்சுங்கறேன். விடு."

"அரியமுத்தண்ணே, என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க."

அவர் வேன் கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். தொட்டி, டேங்கர், மோட்டார். "மழைப் பாட்டுக்கு நீ சரியாத்தான் எடுத்த. நான்தான் மோட்டார ஒரு அடி லேட்டாப் போட்டுட்டேன்" என்று முடித்தார். ஒரு தாளக்காரனுக்கு அதுதான் உறுத்தலாக இருந்திருக்கிறது.

சேதி வரதராஜன்பேட்டை முழுக்கப் பரவி, இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் நான்சி பெரம்பலூர் ஆபீஸுக்குப் போனாள். பஸ் நிலையத்துக்கு எதிரே மாடியில், வெள்ளாறு இன்னிசைக் குழு, சங்கீத நகர் இரண்டுக்கும் ஒரே பலகை. உள்ளே சங்கீத நகர் இரண்டாம் கட்டத்துக்கு ஃபிளெக்ஸ் வந்து இறங்கியிருந்தது. அதில் கைகூப்பிய மேனேஜர் பக்கத்தில் நான்சி ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிஜ நான்சி உட்காரவில்லை.

"அது டேங்கர் தண்ணியாண்ணே?"

இளையபெருமாள் பொய் சொல்லவில்லை. நேரே கேட்டால் அவருக்குப் பொய் வராது. "ஆமா. தேதி குடுத்தாச்சு, நான் என்ன பண்றது?"

"குருமூர்த்தியண்ணன் ஒரே ஒரு பாட்டுக்கு வாயசைச்சாரு. பையத் தூக்கிட்டு பஸ் ஏற வச்சீங்க."

"அது மேடை. இது தொழிலு."

"அப்ப மேடை என்ன, பொழுதுபோக்கா? அதுலதான எங்களுக்குச் சோறு போட்டீங்க?"

"மேடைல ஜனங்க நம்மள நம்பி ஒக்காந்திருக்காங்க பாப்பா."

"மனைல?"

இளையபெருமாள் மின்விசிறியைப் பார்த்தார். "இங்க பாரு. டீச்சருக்கு வாராவாரம் லாரித் தண்ணி என் பொறுப்பு. போதுமா?"

"எங்க வூட்டு ஆளுக்கு மட்டுமா? எங்க ஊர்ல இன்னும் பல பேரு என் பேரச் சொல்லி வாங்கியிருக்காங்க. கோயில்ல என் பக்கத்துல ஒக்காந்தவங்க இப்ப அடுத்த பெஞ்சுல ஒக்காருறாங்க. அப்பா டீக்கடைக்குக்கூடப் போறதில்ல. நேத்து ஒருத்தி கேட்டா, நீ ஏலாக்குறிச்சில பாடுற மாதா பாட்டுல எதாவது ஒண்ணாவது நெசமான்னு. இதுக்கு லாரி அனுப்புவீங்களாண்ணே?"

"நான் என்ன செய்யணுங்கற?"

"அந்த ஆட்டோவ நிப்பாட்டுங்க. ரெண்டாங்கட்டத் திறப்புல மைக்குல நீங்களே சொல்லுங்க, தண்ணி இல்ல, நான்சிக்கு இது தெரியாதுன்னு. அன்னைக்குக் குருமூர்த்தியண்ணனுக்குச் சொன்னீங்கல்ல, அந்த மாதிரி. நான் வரேன். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லுவேன்."

இவ்வளவிலும் மேனேஜர் காதில் விழுந்தது 'நான் வரேன்' மட்டும்தான். "வந்துடு பாப்பா, தேதி குடுத்தாச்சு" என்றார். அவள் படியிறங்கும்போது கீழே சாலையில் ஆட்டோ போனது. தித்திக்கும் குடிநீர் என்று அவளே அவளைக் கடந்து போனாள்.

இரண்டாம் கட்டத் திறப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பஸ்கள் வந்தன. அரியலூர்ப் பக்கத்து லாரி முதலாளிகள், பெரம்பலூர் டவுன்காரர்கள், வெளிநாட்டுப் பணம் வருகிற வீட்டுப் பெண்கள், எல்லாரும் பந்தல் நிழலில் குலுக்கல் டோக்கன் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் தொட்டியை மறுபடியும் நிரப்பியிருந்தார்கள். இளையபெருமாள் வரவேற்றார். வந்த பெரியவர்களின் பெயர்களை ஒருவர் மனமும் நோகாத வரிசையில் வாசித்தார். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாசித்து முடித்து, "அடுத்ததாக நம் நான்சி" என்றார். சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

நான்சி மைக்கை எடுத்தாள். "மன்னிக்கணும் பெரியோர்களே. இப்ப இந்தக் குழாயில தண்ணி வரும். அது லாரித் தண்ணி. பின்னாடி தொட்டி இருக்கு, போய்ப் பாருங்க. போன தடவையும் அதேதான். எனக்கு அப்பத் தெரியாது. எங்க சித்தி இங்கதான் குடியிருக்காங்க, குளிக்கத் தண்ணி இல்ல."

இளையபெருமாள் கண்ணை மூடிக்கொண்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு லாரி முதலாளி நிதானமாகக் கேட்டார்: "அதனால என்னம்மா? நாங்க என்ன இங்க வந்து குடியிருக்கவா போறோம்? வாங்கிப் போட்டு வைக்கறதுதான?"

"மத்த நகர்லல்லாம் அதக்கூடச் சொல்றதில்ல" என்றார் பக்கத்தில் ஒருவர். "மேனேஜர் குழு மேனேஜர் குழுதான்யா. உள்ளத உள்ளபடி சொல்லுது பாரு."

"பாட்டப் பாடு தங்கச்சி."

சிலர் கைதட்டினார்கள். பதிவு மேசையில் வரிசை நீண்டது. குடிநீர் இல்லாத இடத்தைக் குடிநீர் இல்லை என்று தெரிந்தே வாங்க நிற்கிற வரிசை அது. யாரும் குடிக்கப் போவதில்லை, யாரும் குளிக்கப் போவதில்லை. இன்னொருவன் தலையில் கட்டுகிற வரை வைத்திருப்பார்கள். அவனும் வைத்திருப்பான். இதற்கு நடுவில் நிஜமாகவே வீடு கட்டிக் குடிவந்த ஒரு டீச்சர்தான் விவரம் கெட்டவர் என்றாகிவிட்டது. ஏமாற்றியவன் மேல் வருகிற கோபத்துக்காவது ஒரு முகவரி இருக்கிறது. இந்தக் கோபத்தை எந்த வீட்டுக் கதவில் போய்த் தட்டுவது?

இளையபெருமாள் கண்ணைத் திறந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான்சியின் காதருகில் வந்தார். "பாத்தியா? உனக்குத்தான் கோவம், அவங்களுக்கு இல்ல. இப்பப் பாடு."

கலைவாணன் முன்னிசையை வாசித்தார். நான்சி எடுக்கவில்லை. மறுபடி வாசித்தார். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வாசித்தபோது பின்வரிசையில் சிலர் எழுந்து பிரியாணிப் பக்கம் பார்த்தார்கள்.

"நான்சி பாட்டு பதிஞ்சது வச்சிருக்கீல்ல, அதப் போடு" என்றார் இளையபெருமாள்.

கலைவாணனின் கை நின்றது. "அண்ணே, ட்ராக்கா?"

"போடுறா. கூட்டம் எந்திரிக்குது."

நான்சியின் குரல் பந்தலை நிறைத்தது. நல்ல பதிவு. நான்சி மைக்கைத் தாங்கியில் மாட்டிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்து நேராக நின்றாள். உதடு ஒட்டியிருந்தது. பல்லவி முடிந்தது, வாய் திறக்கவில்லை. சரணத்தில் அந்தக் குரல் கெஞ்சியது, கொஞ்சியது. வாய் திறக்கவில்லை.

கூட்டத்துக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முதலில் எழுந்தது அந்த லாரி முதலாளிதான். "யோவ் மேனேஜரு, என்னய்யா இது, மிஷினு பாடுது?"

"பாட்டுலயேவாய்யா?"

"பாட்டுலயே ஏமாத்துறவன் பத்திரத்துல என்ன பண்ண மாட்டான்? என் பேர எடு, தம்பி. எடுங்கறேன்."

தண்ணீரில் ஏமாற்றியதைப் பிரியாணிக்கு முன்னால் மன்னித்த கூட்டம், பாட்டில் ஏமாற்றியதைப் பொறுக்கவில்லை. நாற்காலிகள் சாய்ந்தன. ஃபிளெக்ஸில் இருந்த நான்சியை விட்டுவிட்டு மேனேஜரை மட்டும் கவனமாகக் கிழித்தார்கள். பஸ்கள் கிளம்பின. பாட்டை நிறுத்த யாருக்கும் தோன்றாததால் அது முடியும்வரை பாடிவிட்டு ஓய்ந்தது.

சில வாரம் கழித்து இளையபெருமாள் மோகனம் தெரு வீட்டுக்கு வந்தார். நான்சி அப்போது அங்கேதான் இருந்தாள். சித்தி நாற்காலியைக் காட்டினார், காபி வேண்டுமா என்று கேட்கவில்லை. பாத்திரம் கழுவுகிற தண்ணீரைக்கூட ரோசாச் செடிக்குச் சேர்த்து வைக்கிற வீடு அது.

"மனை போனாப் போவுது" என்றார் அவர். "என்னை ட்ராக் போட்டவன்னு ஆக்கிட்ட. இத்தன வருசத்துல என்னை ஒருத்தன் அப்படிச் சொன்னதில்ல."

"போடச் சொன்னது யாரு?" என்றாள் நான்சி.

"கூட்டம் எந்திரிச்சுச்சு."

"எந்திரிச்சாப் போறாங்க. பொய்யுன்னு சொன்னப்ப ஒக்காந்திருந்தவங்கதான."

அவர் வந்த விஷயம் வேறு. உடையார்பாளையம் பக்கத்தில் ஒரு கோயில் திருவிழா. தேதி கொடுத்திருந்தார். இந்தக் கதை பரவியதும் கமிட்டிக்காரர்கள், நான்சி நேரில் நின்று வாய் திறந்து பாடினால் மேடை, இல்லாவிட்டால் வேறு குழு என்று சொல்லிவிட்டார்கள். வரதராஜன்பேட்டைக்காரர்களும் முழுக்க வருகிற திருவிழா அது. "கேன்சல் ஆனா அதுதான் என் மொதக் கேன்சல்" என்றார்.

"பாடுறேன்" என்றாள் நான்சி. "அந்த மேடைல, எங்க ஊர்க்காரங்க முன்னாடி, நீங்க சொல்லணும். நீங்க மட்டும்."

"சொன்னா டீச்சர் வூட்டுல தண்ணி வந்துருமா?"

"வராது மேனேஜர்" என்றார் சித்தி. "அத நான் தனியாக் கேக்கறேன், விட மாட்டேன். மொதல்ல எங்க புள்ள கேக்கறதக் குடுங்க."

"எங்க சாமி முன்னாடி, எங்க சொந்தக்காரன் முன்னாடி நின்னு, நான் ஏமாத்துனேன்னு சொல்லணுமா? முடியாது."

"அப்ப ட்ராக் போட்டுக்குங்க."

இளையபெருமாள் எழுந்தார். செருப்பை மாட்டினார். கேட்டைத் திறந்து வெளியே போய், வேன் கதவிலும் கை வைத்துவிட்டார். பிறகு திரும்பி, கேட்டுக்கு வெளியிலிருந்தே கேட்டார். கச்சேரிக்கு வரிசை எழுதுகிற போது எப்போதும் கேட்கிற அதே குரல்.

"எந்தப் பாட்டுக்கு முன்னாடி சொல்லணும்?"

"மொதப் பாட்டுக்கு முன்னாடி."

"மொதல்ல சாமி பாட்டு. அது முடியட்டுமே."

"சாமி பாட்டுக்கும் முன்னாடிண்ணே" என்றாள் நான்சி.